கேமரா சுவரைத் தாண்டும் இடம்

ஜனவரி 11

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். பல் வலி எப்படி இருக்கிறது? போன தடவை பார்க்க வந்தபோது ஒரு பக்க வாயாலேயே பேசிக்கொண்டிருந்தாய். பல் டாக்டர் வருகிற அன்றைக்கு ஒளிந்துகொள்ளாமல் போய் வாயைத் திற. எனக்குக் கழுத்துதான் பாடாய்ப் படுத்துகிறது. நாள் பூராவும் எடிட்டிங் மேசை முன்னால் உட்கார்ந்திருந்தால் கழுத்து வேறென்ன செய்யும், பாவம்.

உன் முன்விடுதலை மனுவை வக்கீல் கொடுத்துவிட்டார். ஏப்ரல் கடைசியில் குழு கூடுமாம். அந்தக் கைகலப்பில் நீ தள்ளி, அந்த ஆள் படியில் உருண்டு இறந்துபோனதை இனி யாராலும் மாற்ற முடியாது. நீயும் ஒருநாளும் இல்லையென்று சொன்னதில்லை. ஆனால் உள்ளே போனதிலிருந்து உன்மேல் ஒரு புகார்கூட இல்லை, குழு அதைத்தான் பார்க்கும் என்கிறார். அதனால் அதுவரைக்கும் தயவுசெய்து யாரிடமும் வாய் கொடுக்காதே.

இப்போது என் மேசையில் இருக்கிற படம் என்ன தெரியுமா? ஜெயில் படம். செய்யாத குற்றத்துக்கு உள்ளே போகிற ஒருத்தன் கடைசியில் தப்பித்துப் போகிறான். சிரிக்காதே. இயக்குநர் நல்ல மனிதர், ஆனால் ஜெயிலின் வாசலைக்கூடப் பார்த்ததில்லை. எடுத்துக்கொண்டு வந்ததெல்லாம் கம்பி. கம்பி வழியாக முகம், கம்பி வழியாக நிலா. பார்க்கிற எனக்கே மூச்சு முட்டுகிறது, இதில் நம்பிக்கை எங்கிருந்து வரும்? கடைசிக் காட்சி மட்டும் இன்னும் எடுக்கவில்லை. வெளியே போகலாம் என்கிற நினைப்பு ஒரு மனிதனுக்கு வருகிற இடத்தை எப்படிக் காட்டுவது? உனக்கு அது எங்கே வருகிறது? தோன்றியதை எழுது. எழுத்துப்பிழையைத் திருத்த மாட்டேன், சத்தியம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


பிப்ரவரி 2

அக்காவுக்கு,

பல்லைப் பிடுங்கியாகிவிட்டது. நீ சொன்னபடியே போய் வாயைத் திறந்தேன், அந்த ஆள் என்ன ஏது என்று கேட்கவே இல்லை. இப்போது அந்த ஓட்டையில் நாக்கை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உன் கழுத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, தலையணை வைக்காமல் படு.

நீ கேட்டதற்கு யோசித்துப் பார்த்தேன். கம்பியெல்லாம் எங்களுக்குக் கண்ணில் படுவதே இல்லை அக்கா. உன் வீட்டு ஜன்னல் கம்பியை நீ பார்க்கிறாயா? நான் வேலை செய்கிற சலவைப் பிரிவுக்குப் பின்னால் ஒரு முற்றம் இருக்கிறது. போர்வைகளை அங்கேதான் காயப்போடுவோம். எல்லாம் வெள்ளை, வரிசை வரிசையாக. நடுவில் போய் நின்றால் சுவரும் தெரியாது, காவல் டவரும் தெரியாது. உச்சிவேளையில் டவரில் ஆள் மாறும். இறங்குகிறவரும் ஏறுகிறவரும் ஏணியிலேயே நின்று குடும்பக் கதை பேசுவார்கள். அந்த நேரம் பார்த்துச் சுவருக்கு அந்தப் பக்கம் பஸ் வந்து நிற்கும். ஒருநாள் யாரோ ஒருத்தி, "ஏய், குடைய விட்டுட்டுப் போறியே!" என்று கத்தினாள். அன்றைக்கு முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை. குடை கிடைத்ததா இல்லையா என்றே யோசித்துக்கொண்டிருந்தேன்.

இதுதான் நீ கேட்டதா என்று தெரியவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன், வயலின் போட்டுவிடாதீர்கள். அந்த நினைப்பு வரும்போது காதில் வயலின் கேட்காது, பஸ் சத்தம்தான் கேட்கும்.

கடிதங்களைப் படித்து அனுப்புகிற அதிகாரிக்கு இங்கே கண்ணாடி என்று பெயர். இதையும் படிப்பார். அவருக்கே தெரிந்த பெயர்தான், கோபித்துக்கொள்ள மாட்டார்.

தம்பி


மார்ச் 6

அன்புத் தம்பிக்கு,

ஓட்டை ஆறிவிட்டதா? இங்கே நான் சுகம், கழுத்தைத் தவிர.

நீ எழுதியதை இயக்குநருக்கு வாசித்துக் காட்டினேன். மனிதர் எழுந்து நின்றுவிட்டார். அப்படியே முற்றம் போட்டு எடுத்தும் முடித்துவிட்டோம். நேற்றுத்தான் வெட்டி ஒட்டி முடித்தேன். எந்தப் படக்கதையைச் சொன்னாலும் உன்னை ஹீரோவாக வைத்துத்தானே சொல்வேன், இதிலும் நீதான் ஹீரோ, கேள்.

உச்சிவேளை. நீ போர்வைகளுக்கு நடுவில் நிற்கிறாய். இதுவரைக்கும் உன் தலைக்கு மேலே இடமே விடாமல் நெருக்கத்திலேயே வைத்திருந்தேன், பார்க்கிறவனுக்கே தோள் இறுக வேண்டும் என்று. இப்போது முதல் தடவையாகக் கேமரா பின்னால் நகர்கிறது. டவரில் ஆள் மாறுகிறது. அவர்கள் முகத்தைக் காட்டவில்லை, பேச்சு மட்டும் கேட்கிறது. ஒரு போர்வை காற்றில் உப்புகிறது. அது அடங்கும்போது நீ அங்கே இல்லை! மழைநீர்க் குழாயைப் பிடித்து ஏறுகிறாய். அங்கே எல்லாச் சத்தத்தையும் எடுத்துவிட்டேன். கேமரா உன்னோடு ஏறி, உன்னையும் விட்டுவிட்டு, சுவருக்கு மேலே எழுகிறது. அதுவரைக்கும் சாம்பல் பூசின மாதிரி இருந்த நிறமெல்லாம் சட்டென்று உயிர் பெறுகிறது. அந்தப் பக்கம் சாலை, பஸ், குடையோடு ஒருத்தி. நீ குதித்து அவள் பக்கத்தில் போய் நிற்கிறாய். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் குடையை உன் பக்கம் சாய்க்கிறாள். இரண்டு பேரும் ஏறுகிறீர்கள். பஸ் கிளம்பிவிடுகிறது.

அந்தக் குடைக்காரி யார் தெரியுமா? நான்தான்! அன்றைக்கு நடிக்க வேண்டியவள் வரவில்லை. முதுகுதானே தெரியும் என்று என்னை நிற்க வைத்துவிட்டார்.

வயலின் மட்டும் இருக்கிறது. இயக்குநரிடம் தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தேன், நடக்கவில்லை. குழு கூட இன்னும் கொஞ்ச நாள்தான். தைரியமாக இரு.

அக்கா


மே 3

அன்புத் தம்பிக்கு,

சுகம்தானே? சுகம் என்று ஒரு வரி போட்டிருந்தால்கூடப் போதும். உன் கடிதம் வந்து எவ்வளவு நாளாகிறது. பார்க்கலாம் என்று வந்தேன், "இப்போதைக்குச் சந்திப்பு கிடையாதும்மா" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏன் என்று கேட்டால் அந்த வார்டருக்கே தெரியவில்லை. வக்கீல் விசாரிக்கிறேன் விசாரிக்கிறேன் என்கிறார்.

குழு கூடியதா? உன்னைக் கூப்பிட்டார்களா? கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உன் அறைக்கு வெள்ளையடித்து, கட்டிலை ஜன்னல் ஓரமாகப் போட்டு வைத்திருக்கிறேன். உடம்பு சரியில்லையா? என்மேல் கோபமா? கோபமென்றால் திட்டியாவது எழுதேன்டா.

அக்கா


மே 29

அக்காவுக்கு,

சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும்.

இந்தத் தடவை என் பெயர் வரவில்லை. அடுத்து டிசம்பரில் கூடுவார்கள். வருத்தப்படாதே. சலவையிலிருந்து சமையலுக்கு மாற்றியிருக்கிறார்கள். வெங்காயம் உரிக்கிறேன்.

கடிதம் எழுதாததற்கு ஒன்றும் காரணமில்லை. வேலை அதிகம்.

படத்தைப் பற்றி இனிமேல் எழுத வேண்டாம் அக்கா. அந்தச் சுவர்க் காட்சி வேண்டாம், விட்டுவிடு. அது நன்றாக இல்லை. பொய்யாக இருக்கிறது. குழாயைப் பிடித்து ஏறி யார் போகிறார்கள்? வீட்டு விஷயம் எழுது. நீ என்ன சாப்பிட்டாய், என்ன வாங்கினாய், அதை எழுது. ஆனால் எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

தம்பி


ஜூன் 20

அன்புத் தம்பிக்கு,

வெங்காயம் உரிக்கும்போது பக்கத்தில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்துக்கொள், கண் அவ்வளவாக எரியாது. டிசம்பர் ஒன்றும் தூரமில்லை. இதை எழுதும்போதே எனக்கு நம்பிக்கை இல்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

படத்தைப் பற்றிக் கடைசியாக இந்த ஒரு தடவை மட்டும். நீ சொன்னது இரண்டு நாள் என் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. பொய்யாக இருக்கிறது என்றாயே, போட்டுப் பார்த்தேன். சத்தியமாகப் பொய். அந்தக் காட்சியை அப்படியே நீக்கிவிட்டேன்! குழாய் போச்சு, சுவர் போச்சு, பஸ் போச்சு, என் முதுகும் போச்சு. இயக்குநர் ஒரு வாரம் என்னோடு சண்டை போட்டார். கத்தினார், கெஞ்சினார். நான் விடவில்லை. கடைசியில் போட்டுப் பார்த்துவிட்டு அவரே இதுதான் சரி என்றார்.

இப்போது எப்படி முடிகிறது என்றால், அவன் தப்பிப்பதே இல்லை. போர்வைகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருக்கிறான். பஸ் வரும் சத்தம். அவன் முகத்திலேயே நிற்கிறேன், ஒரு வெட்டும் இல்லை. அவன் போர்வையை மடிக்க ஆரம்பிக்கிறான். திரை இருட்டாகிறது. இருட்டில் குரல் மட்டும், "ஏய், குடைய விட்டுட்டுப் போறியே!" முடிந்தது. வயலினும் இல்லை.

இத்தனை வருஷத்தில் நான் போட்ட வெட்டுகளிலேயே இதுதான் எனக்குப் பிடித்தது. உன்னால் வந்தது. இனிமேல் சாப்பாடு, சாமான் மட்டும்தான் எழுதுவேன்.

அக்கா


ஜூலை 15

அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நான் தங்கள் தம்பி இருக்கும் சிறையின் நலன் அலுவலர். இது அலுவலகக் கடிதம் அல்ல, நானாக எழுதுகிறேன். தாங்கள் நலமாக இருக்க வேண்டும்.

தங்கள் மார்ச் மாதக் கடிதம் தங்கள் தம்பியிடம் கொடுக்கப்படவில்லை. உச்சிவேளையில் டவரில் ஆள் மாறும்போது குழாய் வழியாக ஏறிச் சுவரைத் தாண்டு, வெளியே குடையோடு நான் நிற்பேன், பஸ்ஸில் போய்விடலாம் என்று தாங்கள் எழுதியிருப்பதாகச் சிறைக் கண்காணிப்பாளர் கருதுகிறார். முற்றமும், டவரும், ஆள் மாறும் நேரமும் இங்கே உள்ளபடியே இருப்பதால், சினிமா என்பதெல்லாம் சங்கேத வார்த்தை என்பது அவர் முடிவு. கடிதம் கோப்பில் தடயமாகச் சேர்க்கப்பட்டது. தங்கள் தம்பியை மூன்று நாள் விசாரித்தார்கள். அக்கா படம் வெட்டுகிறவர், அவர் எப்போதும் இப்படித்தான் கதை சொல்வார் என்பதையே தங்கள் தம்பி திரும்பத் திரும்பச் சொன்னார். ஏப்ரல் குழுவில் அவர் பெயர் இல்லாமல் போனது இதனால்தான். தங்களுக்கு இது தெரியக்கூடாது என்று என்னிடம் கேட்டுக்கொண்டார். "அக்காவுக்குத் தெரிஞ்சா எழுதறதயே நிறுத்திடும் சார்" என்றார். வாக்கு மீறித்தான் எழுதுகிறேன்.

அப்படி ஒரு படம் இருப்பதை நிரூபித்தால் கோப்பை மூடலாம் என்று கண்காணிப்பாளரிடம் பேசினேன். தங்கள் அறையில் உள்ள பிரதியை ஏற்க மாட்டாராம். "வெட்டி ஒட்டறதுதான அவங்க தொழிலே, இந்த லெட்டருக்குத் தகுந்த மாதிரி ஒண்ணு ஒட்டிக் கொண்டுவருவாங்க" என்கிறார். தியேட்டருக்கு வந்த படத்தில் அந்தக் காட்சி இருந்தால் சரி என்று இறங்கி வந்தார்.

அதற்குள் தங்கள் ஜூன் மாதக் கடிதம் வந்தது. காட்சியை அப்படியே நீக்கிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். தடயத்தை அழித்துவிட்டார்கள் என்கிறார் அவர். என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. தாங்கள்தான் பார்க்க வேண்டும்.

நலன் அலுவலர்


ஜூலை 17

மதிப்பிற்குரிய இயக்குநருக்கு,

வணக்கம். தொடர்ந்து வேலை செய்ததில் உங்களுக்கு இரத்த அழுத்தம் கூடியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். இந்தக் கடிதம் அதைக் குறைக்காது, மன்னியுங்கள். நேரில் வந்தால் என்னால் பேச முடியாது, அதனால் எழுதுகிறேன்.

சுவர்க் காட்சியைத் திரும்பச் சேர்க்க வேண்டும். முன்பு இருந்தபடியே, ஒரு ஃபிரேம் கூடாமல் குறையாமல். குழாய், கேமரா எழுவது, நிறம் மாறுவது, குடை, பஸ் எல்லாம். வயலினும் இருக்கட்டும். அந்தக் காட்சியை நீக்கச் சொல்லிக் கொடி பிடித்தவள் நான்தான். இப்போது போடச் சொல்கிறவளும் நான்தான். மக்களுக்கு இதுதான் பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். காரணம் கேட்காதீர்கள் சார், உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

எடிட்டர்


ஜூலை 19

எடிட்டர் அம்மாவுக்கு,

என் உடம்பு இருக்கட்டும், உனக்கு என்ன ஆயிற்று? மறுபடியும் முருங்கை மரம் ஏறிவிட்டாயா? முதலில் அந்தக் காட்சிதான் உயிர் என்று நான் சொன்னேன், பொய் என்றாய். ஒரு வாரம் சோறு தண்ணி இல்லாமல் சண்டை போட்டு என்னை நம்ப வைத்தாய். இப்போது நான் நம்புகிறேன், நீ நம்பவில்லை! இருட்டில் வருகிற அந்தக் குரலைக் கேட்டு என் மனைவி அழுதாள், தெரியுமா?

நீ கும்பிட்டு நான் பார்த்ததில்லை. அதனால் ஒன்றும் கேட்கவில்லை. போட்டுக்கொள். ஆனால் எவனாவது எடிட்டிங்கைத் திட்டி எழுதினால் நீயே வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். நான் வாயைத் திறக்க மாட்டேன்.

இயக்குநர்


செப்டம்பர் 24

அன்புத் தம்பிக்கு,

நலமா? இங்கே நலம். ஒரு புது வாளி வாங்கினேன். பழையது ஒழுகியது. கத்தரிக்காய் வாங்கினேன், பாதி சொத்தை. கழுத்துக்கு ஒரு டாக்டரைப் பார்த்தேன், வேலையை விடச் சொன்னார். வேறு டாக்டரைப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

படம் வெளியாகிவிட்டது. ஒரே ஒரு வார்த்தைதான் சொல்கிறேன், இதற்குக் கோபித்துக்கொள்ளாதே. கடைசி நேரத்தில் இயக்குநர் மனம் மாறி, சுவர்க் காட்சியைத் திரும்பப் போடச் சொல்லிவிட்டார். இயக்குநர் சொன்னால் செய்யத்தானே வேண்டும். ஒரு பத்திரிகையில், இரண்டு மணி நேரம் உண்மை பேசிய படம் கடைசியில் எடிட்டர் தூங்கிப்போனதால் பொய்யில் விழுந்துவிட்டது என்று எழுதியிருந்தார்கள். பரவாயில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் கொஞ்சம் தூக்கம் வேண்டும்தான்.

நலன் அலுவலருக்கும், கடிதம் படிக்கிற அதிகாரிக்கும் என் வணக்கம். படம் இன்னும் தியேட்டரில் ஓடுகிறது என்று அவர்களிடம் சொல்.

அக்கா


டிசம்பர் 5

அக்காவுக்கு,

கழுத்து எப்படி இருக்கிறது? வேறு டாக்டர் என்ன சொன்னார்? நான் சுகம். இந்தத் தடவை நிஜமாகவே சுகம். நலன் அலுவலருக்கு நீ வணக்கம் சொன்னபோதே, அவர் உனக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டார் என்று புரிந்துகொண்டேன்.

போன வாரம் தியேட்டருக்கு வந்த பிரதியை வரவழைத்து இங்கே கூடத்தில் போட்டார்கள். தப்பிக்கிற படத்தைக் கைதிகளுக்குக் காட்டலாமா என்று பெரிய வாக்குவாதம் வேறு. கடைசியில் என்னையும், சலவைப் பிரிவு ஆட்களையும் மட்டும் சாட்சிக்கு உட்கார வைத்தார்கள். கண்காணிப்பாளர் கையில் உன் மார்ச் கடிதம். கண்ணாடி டார்ச் அடித்துக்கொண்டு அதை வரிவரியாக வாசிக்கிறார், திரையில் அது வருகிறது. "போர்வை உப்புகிறது" என்றார். உப்பியது. "அங்கே நீ இல்லை" என்றார். அவன் இல்லை. கண்காணிப்பாளர் ஒவ்வொன்றுக்கும் பென்சிலால் டிக் போட்டார். குழாய் வந்ததும், "நம்ம குழாய்ல முள்கம்பி சுத்தியிருக்கே, இவன் எப்படி ஏறுறான்?" என்று அவரே கேட்டு அவரே சிரித்துக்கொண்டார்.

அப்புறம் கேமரா மேலே போனது. கண்ணாடி வாசிப்பதை நிறுத்திவிட்டார். அக்கா, உன் கடிதத்துக்குப் பிறகு அந்த முற்றத்தைப் பூட்டிவிட்டார்கள். போர்வையெல்லாம் உள்ளேயே காய்கிறது, ஒரே நாற்றம். அதனால் சலவை ஆட்கள் இத்தனை மாதமாக என்னை முறைத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் அந்தச் சாலை வந்ததும் என்னை மறந்துவிட்டுத் திரையையே பார்த்தார்கள். சலவையில் பெருசு என்று ஒருத்தர் உண்டு, எங்கள் எல்லாருக்கும் முன்னால் உள்ளே வந்தவர். "அந்தப் பக்கம் இவ்வளவுதானா? வெறும் ரோடா?" என்று கேட்டார். படம் முடிந்ததும், "இன்னொரு தடவ போடச் சொல்லுங்க சார்" என்றார். போட்டார்கள். கண்காணிப்பாளரேதான் போடச் சொன்னார்.

நான் குடைக்காரியின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பக்கமாகக் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறாள். வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியாதா? வயலின்கூடத் தொந்தரவாக இல்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஓவென்று அழுதுவிட்டேன்.

மே மாதம் நான் அந்தக் காட்சியைப் பொய் என்று எழுதினேன். விசாரணையில் கண்காணிப்பாளர் உன் மார்ச் கடிதத்தை வாசிக்கக் கேட்டுவிட்டு வந்த கோபத்தில் எழுதியது. நீ அதை நம்பி எடுத்தே விடுவாய் என்று எனக்குத் தோன்றவில்லை. இயக்குநர் மனம் மாறினார் என்று எழுதியிருக்கிறாய். சரி, அவரே மாறினார் என்றே வைத்துக்கொள்கிறேன். அவருக்கு என் நன்றியைச் சொல்.

நேற்றுக் குழு கூடியது. கோப்பிலிருந்து உன் கடிதத்தை எடுத்து என்னிடமே கொடுத்துவிட்டார்கள். வருகிற வியாழக்கிழமை விடுகிறார்கள் அக்கா.

தம்பி


டிசம்பர் 8

தம்பி,

கடிதம் கிடைத்தது. நலம் விசாரிக்கவெல்லாம் இப்போது எனக்குத் தெம்பில்லை. எடிட்டிங் மேசையிலேயே தலையை வைத்து அழுதேன், பக்கத்து அறையிலிருந்து ஓடிவந்து தண்ணீர் கொடுத்தார்கள்.

நீ கேட்காமலேயே சொல்கிறேன். அந்தக் காட்சியைப் போடச் சொன்னது நான். மோசமான எடிட்டர் என்று பெயர் வாங்கியாகிவிட்டது, அடுத்த படத்துக்கு இதுவரைக்கும் யாரும் கூப்பிடவில்லை. என் நல்ல வெட்டு யார் கண்ணிலும் படாமல் கிடக்கிறது. அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரியத்தான் செய்கிறது. எரியவில்லை என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் மறுபடியும் கேட்டால் மறுபடியும் போடுவேன், வயலினோடு.

வியாழக்கிழமை விடியும்போதே வாசலில் இருப்பேன். கையெழுத்து, முத்திரை என்று அவர்கள் இழுத்தடிப்பார்கள். நீ வாய் பேசாதே, அவசரப்படாதே. அவர்கள் விடும்போது வா. நான் எங்கேயும் போக மாட்டேன்.

அக்கா